ஆற்றில் உட்கார்ந்த பசு

"இது என் அப்பா சொன்ன கதை இல்லை. யார் எழுதியது என்று கண்டுபிடியுங்கள்."

மோய்ரா ஆறு தாள்களையும் சமையலறை மேசையில் போட்டாள். போட்ட வேகத்தில் ஒரு தாள் வழுக்கிக்கொண்டு வந்து என் மடியில் விழுந்தது. நான் அதைப் பத்திரமாக எடுத்து யோகராணி அக்காவிடம் நீட்டினேன். துப்பறியும் தொழிலில் நான் இதுவரை கைப்பற்றிய தடயங்களில் பாதி இப்படித் தானாக வந்து விழுந்தவைதான்.

என் பெயர் அல்பேர்ட். தூத்துக்குடிக்காரன். மென்பொருள் வேலைக்கென்று ஒஸ்லோ வந்தேன். அந்த வேலை என்னை விட்டுப் போனதும் அக்காவிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். அக்கா யாழ்ப்பாணம். இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்திலும் ஆஸ்பத்திரியிலும் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அடுத்தவர்களின் பொய்களை இரண்டு மொழிகளில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கிரோன்லாண்டில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார்.

அன்றைக்கு நாங்கள் உட்கார்ந்திருந்தது ஹவுகெட்டோவில், ஒரு அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில். ஜன்னலுக்குக் கீழே ரயில் பாதை. ஃபின்டன் என்ற அயர்லாந்துக்காரரின் வீடு அது. கப்பலில் சமையற்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பத்தொரு வயதில், மூன்று வாரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மோய்ரா அவருடைய ஒரே மகள். அயர்லாந்திலிருந்து வந்திருக்கிறாள். அவள் பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் தருகிறேன்.

"பத்தொன்பது வருடம் நாங்கள் பேசவில்லை," என்றாள் மோய்ரா. "அம்மா செத்தபோது அப்பா கப்பலோடு வடக்கே ஹம்மர்பெஸ்ட் துறைமுகத்தில் புயலில் மாட்டிக்கொண்டார். இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார். நான் பொறுக்கவில்லை. அடக்கம் செய்துவிட்டேன். அதன் பிறகு அவர் ஊருக்கே வரவில்லை."

"இப்ப உங்களுக்கு என்ன தெரிய வேணும்?" என்று அக்கா கேட்டார். அதையும் ஆங்கிலத்தில்தான் கேட்டார். ஆனால் அக்கா எந்த மொழியில் பேசினாலும் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். குழப்பம் வேண்டாமென்று, அவருடைய பிறமொழிப் பேச்சை இனி எழுத்துத் தமிழிலேயே தருகிறேன்.

"அப்பா என்னை மன்னித்தாரா இல்லையா? அது மட்டும்தான்."

அக்கா ஆறாவது தாளின் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். "'மோய்ரா, உன்னை மன்னித்துவிட்டேன்' என்று இதிலேயே இருக்கிறதே."

"அதனால்தான் சொல்கிறேன். பொய்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்," என்று வாயை இறுக மூடிக்கொண்டாள். அக்கா என்னைப் பார்த்தார். கட்சிக்காரி எதையோ ஒளிக்கிறாள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். எங்களிடம் வருகிறவர்களில் ஒளிக்காதவர்கள் யாரும் கிடையாது. ஒளிக்க ஒன்றுமில்லாதவன் துப்பறிகிறவரிடம் ஏன் வரப்போகிறான்?

தாள்களில் இருந்தது ஒரு நாட்டுப்புறக் கதை. அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஃபின்டனுடைய ஊர், கில்னபோ. பசுவின் கோயில் என்று பொருளாம். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதுதான் கதை. நிலத்தை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு விதவை, தன் வெள்ளைப் பசுவை ஓட்டிக்கொண்டு வருகிறாள். ஆற்றைக் கடக்கும்போது பசு நடு ஆற்றில் உட்கார்ந்துவிடுகிறது. ஊரார் கயிறு கட்டி இழுக்கிறார்கள், அடிக்கிறார்கள், கெஞ்சுகிறார்கள். மூன்று நாளாகியும் பசு எழவில்லை. இது ஐந்து தாள்.

ஆறாவது தாளில் முடிவு. ஊர்ச் சிறுமி ஒருத்தி ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டிப் பால் வைக்கிறாள். பால் பொங்கி வழிகிறது. நல்ல சகுனம் என்று ஊரே மகிழ்கிறது. பசு எழுந்து கரையேறுகிறது. அது ஏறிய இடத்தில் கோயில் கட்டுகிறார்கள். அதற்குக் கீழே அந்த மன்னிப்பு வரி.

அக்கா மூன்று தடவை வாசித்தார். நானும் வாசித்தேன். "நல்ல கதைதானேக்கா," என்றேன். "இதுல என்ன குறை?"

"தாளைப் பாரும்."

ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். ஐந்து தாளும் லேசான பழுப்பு. ஆறாவது மட்டும் சலவைக்குப் போய் வந்த வேட்டி மாதிரி வெள்ளை. அது வேறு கட்டிலிருந்து எடுத்த தாள்.

"அப்பாவுக்குக் கை நடுங்கும்," என்றாள் மோய்ரா. "வீட்டுப் பராமரிப்புக்கு வரும் துஷ்யா என்ற பெண்ணிடம் வாயால் சொன்னாராம். அவள்தான் தட்டச்சு செய்து உறையில் போட்டு இந்த மேசையில் வைத்தாள். உறை ஒட்டப்படவில்லை. அப்பா இறந்து நாலாம் நாள்தான் நான் வந்தேன். நாலு நாள் இது இங்கேயே கிடந்திருக்கிறது. அந்தப் பெண் மேல் புகார் எழுதி வைத்திருக்கிறேன். இன்று மாலை அனுப்பிவிடுவேன்."

அக்கா துஷ்யாவுக்குத் தொலைபேசியைப் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். "பிள்ளை, நான் யோகராணி கதைக்கிறன். ஃபின்டன் ஐயாவின்ரை கதையைப் பற்றி..."

"அன்ரி, எனக்கு இப்ப வக்ட். வேலை நேரத்திலை கதைக்கேலாது. அதோடை எனக்குத் தவுஸ்ஹெட்ஸ்ப்லிக்ட் இருக்கு. நோயாளியளைப் பற்றி வெளியிலை ஒண்டும் சொல்லக்கூடாது." தொடர்பு அறுந்தது.

"அந்த வார்த்தையைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள கீழ ஒரு ரயிலே போயிடுச்சுக்கா," என்றேன்.

"சும்மா இரும். நாலு நாளும் இந்த வீட்டுத் திறப்பு ஆரிட்டை இருந்தது?"

நானும் சாவியைத் திறப்பு என்று சொல்லப் பழகிவிட்டேன். ஒரு திறப்பு துஷ்யாவிடம். மூன்றாம் நாள் அதைத் திருப்பி வைத்துவிட்டாள். இன்னொன்று எதிர்வீட்டுக்காரரிடம் இருக்கலாம் என்றாள் மோய்ரா.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினோம். தூர்பியர்ன் திறந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர். கம்பளிக் காலுறை, கழுத்தில் கண்ணாடிக் கயிறு. வரவேற்பறைச் சுவர் முழுக்க ஒலிநாடாக்கள். ஊர்ப் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் கதைகளைச் சேகரிப்பதுதான் அவருடைய பைத்தியம். முந்நூறு ஊர்களின் கதைகள் வைத்திருக்கிறாராம்.

"கில்னபோ?" என்று அக்கா நோர்வேஜிய மொழியில் ஆரம்பித்தார்.

மனிதரின் முகம் சுருங்கிவிட்டது. "ஃபின்டன் ஆறு வருடம் என்னை ஏமாற்றினார். பசு ஆற்றில் உட்காரும்வரை சொல்வார். நிறுத்திவிட்டுச் சிரிப்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது." தன்னுடைய சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார். கில்னபோவுக்கான பக்கத்தில் மேல்பாதியில் கதை, கீழ்பாதி வெறுமை. "முடிவுக்காக இடம் விட்டிருக்கிறேன்."

நான் அதற்குள் அறையின் மூலைக்குப் போய்விட்டேன். அங்கே ஓர் அச்சு இயந்திரம். தட்டில் தாள், பளீர் வெள்ளை.

"அவருடைய வீட்டுத் திறப்பு உங்களிடம் இருக்கிறதா?" என்றார் அக்கா.

"இல்லை."

அவருக்குப் பின்னால் ஆணியில் ஒரு திறப்பு தொங்கியது. பச்சை அட்டையில் ஃபின்டன் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பொய் சொல்ல முடிவு செய்த மனிதர் முதலில் சுவரைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டாமா? நான் அதை விரலால் ஆட்டினேன். தூர்பியர்னின் காது சிவந்துபோனது.

"ஒரே ஒரு தடவைதான் போனேன். அவர் இறந்த இரண்டாம் நாள். உறையைத் திறந்து வாசித்தேன். எதையும் மாற்றவில்லை. அதில் ஐந்து தாள்தான் இருந்தது. செத்த பிறகும் அதே இடத்தில் நிறுத்திவிட்டாரே என்று கோபமாகத் திரும்பி வந்துவிட்டேன்."

"ஐந்தா?"

"ஐந்து. நான் ஆசிரியர். எண்ணத் தெரியும்."

அப்படியானால் முடிவு எங்களிடம் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று அக்கா அவரையும் கூட்டிக்கொண்டு படியருகே வந்தார். அவர் செருப்பைத் தேடிய இடைவெளியில் நான் அக்காவின் காதருகே போனேன்.

"சந்தேகமே இல்லக்கா. ஆறு வருஷமா முடிவு கெடைக்காத ஆளு. சொந்தமா ஒரு முடிவு எழுதி, ஃபின்டன் பேர்ல உறைக்குள்ள வச்சுட்டாரு. இனிமே அது ஆதாரம். புத்தகத்துல அந்தப் பாதிப் பக்கம் நெறஞ்சுடும். அதை மறைக்கத்தான் அஞ்சு தாள்னு கதை விடுறாரு."

"அப்ப அந்த மன்னிப்பு வரி?"

"நிஜம்னு நம்ப வைக்கறதுக்கு."

"உம்மடை மூளை நல்லா வேலை செய்யுது தம்பி," என்றார் அக்கா. "திசை மட்டும்தான் விளங்கேல்லை." ஆனால் மறுக்கவும் இல்லை. அவரும் தூர்பியர்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் நடந்தார்.

சமையலறையில் மோய்ரா தூர்பியர்னைப் பார்த்த பார்வையில் அந்த மனிதர் கதவோடு ஒட்டிக்கொண்டார். அக்கா ஆறாவது தாளை அவரிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசிக்க ஆரம்பித்தார். நாலு பேர் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்கும் இடத்தில் செய்வதற்கு எனக்குத் தெரிந்த ஒரே காரியம் தேநீர் போடுவது. பாத்திரத்தில் பால் ஊற்றி அடுப்பில் வைத்தேன்.

"நீங்கள் எழுதியதுதானே?" என்றாள் மோய்ரா.

"நானா? நான் எழுதினால் இப்படியா எழுதுவேன்? இது எனக்குப் புரியவே இல்லை."

"என்ன புரியவில்லை?"

அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுப்பில் சர்ரென்று சத்தம். நுரை பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி நாலு பக்கமும் வழிந்தது.

"பொங்கிடுச்சு," என்றேன். என்னையறியாமல் சிரிப்பு வந்தது. ஹோல்ம்லியாவில் நாங்கள் வாடகைக்குக் குடிபோன அன்று என் மனைவி பால் பொங்கவிட்டு மாதா படத்துக்கு முன்னால் வைத்தது நினைவுக்கு வந்தது. அக்காவின் முகமும் மலர்ந்தது. "பொங்கட்டும், நல்லதுதானே," என்றார்.

மோய்ரா மட்டும் பாய்ந்து வந்தாள். பாத்திரத்தைப் பிடுங்கித் தொட்டியில் வைத்துவிட்டுத் துணியால் அடுப்பைத் துடைத்தாள். அவள் முணுமுணுத்ததை அச்சில் போட முடியாது. "இதற்கா சிரிக்கிறீர்கள்? பாலை வழியவிட்டால் என் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள்."

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"மோய்ரா, உங்கள் ஊரில் பால் பொங்கி வழிந்தால் நல்ல சகுனம் என்று யாராவது சொல்வார்களா?"

"யார் சொல்வார்கள்? வீண்."

"தூர்பியர்ன், இங்கே?"

"இங்கே அதற்கு ஒரே பொருள்தான். அடுப்பைத் துடைக்க வேண்டும்," என்ற தூர்பியர்ன் தாளைத் தட்டினார். "எனக்குப் புரியாததும் இதுதான். பால் வீணானதற்கு ஊரே ஏன் மகிழ்கிறது?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மூண்டு தரம் வாசிச்சனான்," என்றார் என்னிடம், மெதுவாக. "மூண்டு தரமும் கண்ணிலை படேல்லை."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கயிறு கட்டி இழுத்தும் எழாத ஒரு ஐரிஷ் பசு, பால் பொங்கியதும் எழுந்துவிடுகிறது. எனக்கும் அக்காவுக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பால் பொங்கினால் பசு எழத்தானே வேண்டும்? அப்படி நினைக்கிற ஒருவர்தான் அந்தத் தாளை எழுதியிருக்க முடியும். தூர்பியர்னுக்குப் புரியக்கூட இல்லை. ஃபின்டனோ கப்பல் சமையற்காரர். பாலை வழியவிட்டிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

"அப்ப நம்ம ஆளுதான்," என்றேன். என் ஊகத்தை மாற்றிக்கொள்ள நான் ஒருபோதும் வெட்கப்பட்டதில்லை.

அக்கா தொலைபேசியை எடுத்தார். "துஷ்யா, ஒரே ஒரு கேள்விதான். கில்னபோவிலை பால் எந்தப் பக்கம் பொங்கினது பிள்ளை?"

"வாறன் அன்ரி," என்றாள் துஷ்யா.

இருபது நிமிடத்தில் வந்துவிட்டாள். இருபத்தைந்து வயதிருக்கும். இங்கேயே பிறந்தவள். வேலைச் சீருடைக்கு மேல் மழைச்சட்டை, மூச்சிரைப்பு. மோய்ராவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீர்தானே எழுதினீர்?" என்றார் அக்கா.

"ஓம் அன்ரி." கண்ணில் நீர் முட்டியது. பிறகு மோய்ராவுக்காக ஆங்கிலத்துக்கு மாறினாள். "ஐந்து தாள் வரைக்கும் அவர் சொன்னது. ஆறாவது நான் எழுதியது. பசு உட்கார்ந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். களைத்துவிட்டார், நாளைக்கு மிச்சம் சொல்வார் என்று நினைத்தேன். மறுநாள் ஆஸ்பத்திரி. பிறகு நீங்கள் வருவதாகக் கேள்விப்பட்டேன். பத்தொன்பது வருடம் கழித்து வருகிறவருக்கு அரைக் கதையைக் கொடுக்க மனம் வரவில்லை. திறப்பை வைக்க வந்த அன்று அந்தத் தாளைச் சேர்த்துவிட்டேன்."

"மன்னித்துவிட்டேன் என்று எழுதியதும் நீதான்," என்றாள் மோய்ரா.

துஷ்யா தலையசைத்தாள்.

மோய்ரா துணியை மேசையில் வைத்தாள். பொய் என்று அடித்துச் சொன்னவள் அவள்தான். பொய்தான் என்று ஆனதும் அவளுடைய முகம் விழுந்துவிட்டது. உள்ளுக்குள் எங்கேயோ ஒரு மூலையில், அது உண்மையாக இருந்துவிடாதா என்று காத்திருந்திருக்கிறாள். எனக்குப் பாவமாக இருந்தது. வழக்கை ஜெயித்துவிட்டு இப்படிச் சங்கடப்பட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா விடவில்லை. "நிறுத்தச் சொன்னவர் எண்டனீர். அப்பிடியே அந்தச் சொல்லாலையோ? வேறை என்ன சொன்னவர்? உமக்கு எப்பிடி ஐஞ்சு தாளும் சொல்லுக்குச் சொல் ஞாபகம்?"

துஷ்யா மோய்ராவைத் திரும்பிப் பார்த்தாள். "அன்ரி, அதைச் சொன்னா என்ரை வேலை போயிடும்."

"பதிஞ்சனீர். அப்பிடித்தானே?"

அப்படித்தான். பராமரிப்பு வேலையில் இருக்கிறவர்கள் நோயாளியின் குரலைப் பதியக்கூடாது, கண்டிப்பான விதி. அவளுக்குக் கிடைப்பதோ ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம். மருந்து கொடுத்துக்கொண்டே கைபேசியில் பதிந்து, வீட்டில் போய்த் தட்டச்சு செய்திருக்கிறாள். இவ்வளவு நாளும் அவள் பயந்து ஒளித்தது ஆறாவது தாளைக்கூட அல்ல, அந்தப் பதிவைத்தான். அக்கா எல்லாவற்றையும் மோய்ராவுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

"போடு," என்றாள் மோய்ரா. "உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது. போடு."

துஷ்யா கைபேசியை மேசையில் வைத்தாள். முதலில் ஒரு இருமல். பிறகு கரகரத்த குரல், நிதானமாக. மூன்றாம் நாளும் பசு எழவில்லை. கயிறும் அறுந்தது, கம்பும் முறிந்தது. ஊர் முழுக்கக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

கதை அங்கே நின்றது. "பிறகு?" என்று துஷ்யாவின் குரல்.

கிழவர் சிரித்தார். "நிறுத்து, பிள்ளை. அவ்வளவுதான். மிச்சத்தை மோய்ரா சொல்வாள்."

பதிவு முடிந்தது. மோய்ரா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாங்கள் நாலு பேரும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றோம். தூர்பியர்ன் தன் காலுறையைப் பார்த்தார்.

"அப்பா மன்னிப்புக் கேட்கிற ஆளும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்கிற ஆளும் இல்லை," என்றாள் மோய்ரா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "சின்ன வயதில் எங்களுக்குள் சண்டை வந்தால் எதிரே வந்து உட்கார்ந்து இந்தக் கதையைத் தொடங்குவார். பசு உட்கார்ந்ததும் நிறுத்திவிடுவார். முடிவை நான்தான் சொல்ல வேண்டும். சொன்னால் சண்டை தீர்ந்தது என்று அர்த்தம். வாழ்க்கையில் ஒரு தடவைகூட அவர் இதை முடித்தது கிடையாது. அதனால்தான் முடிவைப் பார்த்ததுமே பொய் என்று தெரிந்தது."

"இதை முதலிலேயே எங்களிடம் சொல்லியிருக்கலாமே," என்றார் அக்கா.

"சொல்லியிருந்தால் யாராவது எனக்குப் பிடித்த மாதிரி ஒன்றைத் தயார் செய்து கொண்டுவந்திருப்பீர்கள். நான் யாரையும் நம்பவில்லை."

துஷ்யா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். "எனக்குத் தெரியாது," என்றாள். "நீங்கள் சொல்வீர்கள் என்றதைக் களைப்பில் பேசுகிறார் என்று நினைத்தேன். வெறுமையாக விட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது."

மோய்ரா தன் பையிலிருந்து புகார்க் கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். ஆறாவது தாளை மட்டும் எடுத்து, அதையும் கிழிக்கப்போய், கிழிக்காமல் மடித்துத் துஷ்யாவிடம் கொடுத்தாள். "இது உன் முடிவு. வைத்துக்கொள். அவர் பக்கத்தில் இருந்தவள் நீ. வந்து உட்கார்."

துஷ்யா உட்கார்ந்தாள். எதிரே ஃபின்டனின் நாற்காலி காலியாக இருந்தது. தூர்பியர்னின் கை சட்டைப்பையில் இருந்த பென்சிலுக்குப் போனது. ஆறு வருடம் காத்திருந்த மனிதர். அக்கா அந்தக் கையைப் பார்த்தார், அவ்வளவுதான். அவர் பென்சிலை உள்ளேயே விட்டுவிட்டார்.

"கயிறு வைத்திருந்தவர்களெல்லாம் கரையில் நின்றார்கள்," என்று மோய்ரா அந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு சிறுமி மட்டும் தண்ணீரில் இறங்கினாள். இழுக்கவில்லை, அடிக்கவில்லை. பசுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் குளிராக இருந்தது. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்."

அவள் நிறுத்தினாள். கீழே ஒரு ரயில் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"எழுந்துவிட்டது, அப்பா," என்றாள்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பாத்திரத்தைக் கழுவி, மறுபடி பால் ஊற்றி அடுப்பில் வைத்தேன். இந்தத் தடவை அது காயும்வரை பக்கத்திலேயே நின்றேன்.